ஏர்போர்ட் பக்கம் ரெண்டரை ஏக்கர், அட்வான்ஸ் கொடுத்தாச்சு, இப்ப என்ன பண்றது?

கோவில்பட்டி பக்கத்துல சொந்த ஊர், 19 வருஷமா ஷார்ஜாவுல ஒரு குடோன்ல சூப்பர்வைசரா வேலை, வயசு 49. மனைவியும் காலேஜ் படிக்கிற பொண்ணும் ஊர்லதான். அடுத்த வருஷக் கடைசியில மூட்டை முடிச்சைக் கட்டிட்டு ஒரேயடியா ஊருக்கு வந்துரணும்னு நினைக்கிற ஒரு அண்ணாச்சி, வக்கீல்ங்கற முறையில எனக்கு எழுதியிருக்காரு. கடிதம் நாலு பக்கம், பேரு ஊரு எல்லாம் மாத்திட்டு சுருக்கமா சொல்றேன்.

அவரு மச்சான் ஒரு புரோக்கர் மூலமா தூத்துக்குடி ஏர்போர்ட் இருக்கற வாகைக்குளம் பக்கம் 2 ஏக்கர் 40 சென்ட் புஞ்சை நிலம் பார்த்திருக்காரு. சென்ட் 60 ஆயிரம், மொத்தம் 1 கோடியே 44 லட்சம். கையில 70 லட்சம் இருக்கு, மீதிக்கு ஊர்ல இருக்கற வீட்டை அடமானம் வைக்கலாம்னு ஐடியா. நிலத்தை வாங்கி குடோன் கட்டி ஏதாவது லாஜிஸ்டிக்ஸ் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டா ரிட்டயர்மெண்டுக்கு அப்புறம் கவலை இல்லைன்னு கணக்கு. புரோக்கர் சொன்னதை அப்படியே எழுதியிருக்காரு: "ஏர்போர்ட் இண்டர்நேஷனல் ஆகப்போகுது, கார் கம்பெனி வந்தாச்சு, குலசேகரன்பட்டினத்துல ராக்கெட் வருது, ஹார்பர் வெளிய ரெண்டாவது ஹார்பர் வருது, ரோடு ஆறு வழி ஆகுது, மூணு வருஷத்துல மூணு மடங்கு." பட்டா இருக்காம், 30 வருஷ ஈசி (வில்லங்கச் சான்று) க்ளீனாம். மச்சான் 8 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து பாண்டு பேப்பர்ல அக்ரிமெண்ட் எழுதி நோட்டரி கையெழுத்தும் வாங்கிட்டாரு. ஆறு மாச தவணையில இன்னும் ரெண்டரை மாசம் பாக்கி. "மச்சான் பேருக்கு பவர் அனுப்பி முடிச்சுரலாமா, இல்ல நான் லீவுல வரணுமா?" இதுதான் கேள்வி.

அண்ணாச்சி, பவர் அனுப்புறதா நேர்ல வர்றதான்னு கேட்டிருக்கீங்க, அதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு, அதை உங்க கிட்ட யாருமே கேக்கல போல. நீங்க இப்ப இருக்கற நிலையில அந்த நிலத்தை உங்க பேர்ல வாங்கவே முடியாது. கைல காசு இருந்தாலும் முடியாது, பவர் கொடுத்தாலும் முடியாது, நேர்ல வந்து ரிஜிஸ்டர் ஆபீஸ்ல உக்காந்தாலும் முடியாது. நீங்க என்ஆர்ஐ. ஃபெமாங்கற அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டுல வசிக்கிற இந்தியர் வீடு வாங்கலாம், கடை வாங்கலாம், அப்ரூவல் வாங்குன மனை வாங்கலாம். ஆனா விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு இந்த மூணையும் விலை கொடுத்து வாங்கக் கூடாது. அப்பா அம்மா கிட்ட இருந்து வாரிசா வந்தா வச்சுக்கலாம், அது வேற. நீங்க அனுப்புன பட்டா நகல்ல தெளிவா "புன்செய்"ன்னு போட்டிருக்கு. உடைமரம் மண்டிக் கிடக்குது, இருபது வருஷமா யாரும் உழுததில்லைன்னு நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம், ஆனா ரெவின்யூ ரெக்கார்டுல புஞ்சைன்னா அது விவசாய நிலம்தான். மீறி வாங்கினா அபராதம் அந்தத் தொகையில மூணு மடங்கு வரைக்கும் போட சட்டத்துல இடம் இருக்கு. புரோக்கர் சொன்ன மூணு மடங்கு இது இல்லைன்னு நினைக்கிறேன்.

சப்-ரிஜிஸ்டரார் ஆபீஸ்ல பாஸ்போர்ட்ல விசா இருக்கான்னு பெரும்பாலும் கேக்க மாட்டாங்க, பத்திரம் பதிஞ்சு கைக்கு வந்துரும், அதனால "எத்தனையோ பேரு வாங்கியிருக்காங்களே"ன்னு மச்சான் சொல்லுவாரு. வாங்கியிருக்காங்கதான். பிரச்சனை வாங்கும்போது வராது, விக்கும்போதோ பாங்க்ல லோன் கேக்கும்போதோ வரும். நீங்க குடோன் கட்ட லோன் போடணும்னா பாங்க் வக்கீல் முதல்ல பாக்கறதே இதைத்தான்.

சரி, இதுக்கு வழியே இல்லையான்னா இருக்கு, கீழ வர்றேன். அதுக்கு முன்னாடி புரோக்கர் சொன்ன கதையைக் கொஞ்சம் பிரிச்சுப் பாத்துரலாம், ஏன்னா அவர் சொன்னதுல பாதி நெஜம், அதுதான் சிக்கலே, முழுப் பொய்யா இருந்தா நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க.

ஊருக்கு என்ன வந்திருக்கு

தூத்துக்குடிக்கு நல்ல காலம்தான், அதுல சந்தேகம் இல்ல. நான் இந்தக் கோர்ட்டுகள்ல 20 வருஷத்துக்கு மேல நிலக் கேஸ் நடத்துறேன், வாகைக்குளம் பக்கம் வில்லங்கம் பாக்க ஆள் வந்ததே முன்னாடி அபூர்வம். 1992ல தொறந்த ஏர்போர்ட், 1,350 மீட்டர் ரன்வே, சின்ன ஏடிஆர் பிளேன் மட்டும் இறங்கும். இப்ப ரன்வே 3,115 மீட்டர், 2025 ஜூலை 26ஆம் தேதி பிரதமர் வந்து புது டெர்மினலைத் தொறந்து வச்சாரு, 17,340 சதுர மீட்டர், வருஷத்துக்கு 20 லட்சம் பயணிகளைக் கையாளலாம்னு கட்டியிருக்காங்க. ஏர்பஸ் இறங்குற அளவுக்கு ரன்வே வந்தாச்சு. அதே விழாவுல என்.ஹெச். 138ல துறைமுகச் சாலை 5 கிலோமீட்டர் சொச்சம் ஆறு வழி ஆனதையும் தொறந்தாங்க. அடுத்த பத்து நாளுக்குள்ளயே, ஆகஸ்ட் 4ஆம் தேதி, சில்லாநத்தம் சிப்காட்ல (அரசு தொழிற்பேட்டை) 400 ஏக்கர்ல வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலையை முதல்வர் தொறந்தாரு, முதல் கட்டமா வருஷத்துக்கு 50 ஆயிரம் கார்.

அந்த வியட்நாம் கம்பெனி ஏன் இங்க வந்துச்சுன்னு யோசிச்சீங்கன்னா உங்க கேள்விக்கே பாதி பதில் கிடைச்சுரும். பாகம் பாகமா கண்டெய்னர்ல கொண்டு வரணும், கோத்து முடிச்ச காரை ஏத்தி அனுப்பவும் செய்யணும், ரெண்டுக்குமே கடல் பக்கத்துல வேணும். 1974ல பெரிய துறைமுகம்னு அறிவிச்ச வ.உ.சி. துறைமுகம் இப்ப வருஷத்துக்கு 4 கோடி டன்னுக்கு மேல சரக்கு கையாளுது, கண்டெய்னர் மட்டும் 7 லட்சத்துக்கு மேல. 2024 செப்டம்பர்ல தொறந்த புது கண்டெய்னர் டெர்மினல்ல 14.20 மீட்டர் ஆழம் இருக்கு. மதுரைக்கு நாலு வழி என்.ஹெச். 38, நெல்லைக்கு என்.ஹெச். 138, மணியாச்சி வழியா ரயில் இரட்டைப் பாதை. திருப்பூர் பனியனும் கரூர் போர்வையும் இந்தப் பக்கம் இறங்கி வர்றதே இதனாலதான்.

ஆனா பாருங்க, பெரிய முதலீட்டாளர் இதையெல்லாம் பாத்து வந்தான்னா அவன் போய் உக்கார்றது சிப்காட்டுக்குள்ள. 99 வருஷ குத்தகை, உள்ளேயே ரோடு, தண்ணி, கரண்ட், டைட்டில் தகராறு கிடையாது. இல்லைன்னா துறைமுகத்தை ஒட்டின இடத்துல. புரோக்கர் காட்டுற புஞ்சையில வந்து பங்காளிகள் கிட்ட கையெழுத்து வாங்க அவனுக்கு என்ன தலையெழுத்து?

ஏர்போர்ட் இண்டர்நேஷனல் ஆகப்போகுதுங்கறது பேச்சு, இப்போதைக்கு உள்நாட்டு சர்வீஸ் மட்டும்தான். குலசேகரன்பட்டினம் ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரி 28ல அடிக்கல் போட்டது உண்மை, ஆனா அது இஸ்ரோ வேலி போட்ட எடம், வாகைக்குளத்துல இருந்து மாவட்டத்தோட அடுத்த மூலை, ராக்கெட் விடறதுக்கும் உங்க குடோனுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குப் புரியல. வெளித் துறைமுகத்துக்கும் அதே நாள்ல அடிக்கல் போட்டாங்க, 7,000 கோடிக்கு மேல, அது வந்தா நெஜமாவே பெரிய மாற்றம்தான், ஏன்னா இன்னைக்கு நம்ம கண்டெய்னர்ல பெரும்பகுதி சின்னக் கப்பல்ல கொழும்பு போய் அங்க பெரிய கப்பல் மாறுது. ஆனா கடல்ல கல்லு கொட்டிக் கட்ற வேலை மூணு வருஷக் கணக்குல அடங்காது. அதுக்குள்ள அந்தப் பக்கம் கேரளாவுல விழிஞ்ஞம் துறைமுகத்தை 2025 மே மாசம் முறைப்படி தொறந்தாச்சு, தாய்க்கப்பல்னு சொல்ற பெரிய கப்பல்களும் அங்க வருது. அருப்புக்கோட்டை வழியா மதுரைக்கு புது ரயில் பாதைன்னு பல வருஷமா சொல்றாங்க, மீளவிட்டான்ல இருந்து மேலமருதூர் வரைக்கும்தான் தண்டவாளம் போட்டிருக்கு.

ஒரு பழைய கதை சொல்றேன், சலிச்சுக்காதீங்க. தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876ல. அப்ப மெட்ராஸ்ல ரயில் ஏறி தூத்துக்குடியில எறங்கி ஸ்டீமர் புடிச்சு கொழும்பு போவாங்க, போட் மெயில்னு பேரு, ஊரே அந்த வரவு போக்குல பொழைச்சுது. 1914ல பாம்பன் பாலம் வந்துச்சு, போட் மெயில் தனுஷ்கோடிக்கு மாறிடுச்சு. அம்புட்டுதான். தனுஷ்கோடியையும் 1964 புயல் கொண்டு போயிடுச்சு. எங்க தாத்தா காலத்து ஆட்கள் பீச் ரோட்டுல பூட்டிக் கிடந்த பண்டகசாலைகளைக் காட்டி இதைச் சொல்லுவாங்க. வழி வர்றதும் போறதும் ஊர்க்காரன் கையில இல்ல, அதனால வாடகைக் கணக்கை புரோக்கர் வாயில இருந்து எடுக்காம, இன்னைக்கு அந்த ரோட்டுல எத்தனை குடோன் இருக்கு, எத்தனை காலியாக் கிடக்குன்னு எண்ணிப் பாத்து எடுங்க. இது வக்கீல் வேலை இல்ல, இருந்தாலும் சொல்றேன்.

உங்க சர்வே நம்பருக்கு என்ன வந்திருக்கு

இங்கதான் எனக்கு உங்க மேல கொஞ்சம் கோவம், குடோன்லயே 19 வருஷம் வேலை பாத்தவரு நீங்க. நிலம் என்.ஹெச்.ல இருந்து 150 மீட்டர் உள்ள, 12 அடி வண்டிப் பாதை வழியா போகணும்னு கடிதத்துல போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க. 40 அடி கண்டெய்னர் ஏத்தின டிரெய்லர் தலையோட சேத்து ஐம்பது அடிக்கு மேல நீளம். அது 12 அடி பாதையில எப்படி திரும்பும்? ஷார்ஜாவுல உங்க கேட்டுக்கு முன்னாடி எவ்வளவு எடம் விட்டிருக்காங்கன்னு நாளைக்குப் போய் அளந்து பாருங்க.

அந்தப் பாதை யாரோடதுங்கறது அடுத்த கேள்வி. எஃப்எம்பிங்கற புல அளவு வரைபடத்துல பாதைன்னு இருக்கா, இல்ல பக்கத்து நிலத்துக்காரர் வழியா மாட்டு வண்டி போய்ப் பழகின தடமா? மாட்டு வண்டிக்கு விட்ட வழியில லாரி விட அவர் சம்மதிக்கணும்னு அவசியம் இல்ல, கேஸ் போட்டா வருஷக்கணக்குல ஓடும். ஓடைப் புறம்போக்கா இருந்துட்டா பட்டாவே கிடைக்காது, பாதையாவும் ஆக்க முடியாது.

இன்னொண்ணு, நிறைய பேருக்குத் தெரியாது. நேஷனல் ஹைவே ஓரத்துல நிலம் இருந்தாலே அந்த ரோட்டுல வண்டியை ஏத்தி இறக்க உரிமை வந்துராது. பெட்ரோல் பங்க், ஹோட்டல், குடோன் எதுவா இருந்தாலும் ஹைவே கிட்ட வழி அனுமதி வாங்கணும், 2002ல இதுக்குன்னே சட்டம் போட்டாங்க. பாலம் பக்கத்துலயோ ஜங்ஷன் பக்கத்துலயோ இருந்தா கொடுக்க மாட்டாங்க. பைபாஸ்ல நிலம் வாங்கி கட்டடமும் கட்டிட்டு, முன்னாடி கம்பி வேலி போட்டு அடைச்சுட்டாங்கன்னு என் ஆபீஸ்ல வந்து உக்காந்தவங்களை நான் பாத்திருக்கேன். சர்வீஸ் ரோடு சுத்தி வர்றதுக்கு மூணு கிலோமீட்டர், எந்த டிரான்ஸ்போர்ட்காரன் வருவான்?

ஏர்போர்ட் பக்கத்துலங்கறதை பிளஸ்ஸா மட்டும் பாக்கறீங்க. பக்கத்துலன்னா கட்டட உயரத்துக்கு ஏர்போர்ட் ஆணையம் வகுத்த வரம்பு இருக்கும், குடோன் ஷெட்டுக்கு அது பெரும்பாலும் இடிக்காதுன்னாலும் தடையில்லாச் சான்று வாங்க வேண்டிய எடமான்னு பாத்துக்கணும். ரோடு, ரயில், சிப்காட் விரிவாக்கம் எல்லாத்துக்கும் நிலம் எடுக்கறதும் இந்தப் பக்கம்தான். சிப்காட்டுக்கு எடுக்கறது 1997 தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டத்துல, ஹைவேக்கு எடுக்கறது 1956 சட்டத்துல, நிலம் எடுக்கப் போறோம்னு சொல்ற 3ஏ அறிவிப்பு போட்டு. இந்த அறிவிப்பு எதுவும் ஈசியில வராம இருக்கலாம். அறிவிப்பு வந்ததுக்கு அப்புறம் வாங்குனவரு நிலமெடுப்பை எதுத்து கேஸ் போட முடியாது, நஷ்டஈடு மட்டும்தான் கேக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் பல தடவை சொல்லியாச்சு. அந்த நஷ்டஈடும் கைடுலைன் வேல்யூவையும் (அரசு வழிகாட்டி மதிப்பு) பதிவான விலையையும் வச்சுதான் கணக்குப் போடுவாங்க, புரோக்கர் ரேட்டுல இல்ல. சிலர் விக்கறதே இதைத் தெரிஞ்சுக்கிட்டுதான், உங்க ஆள் அப்படின்னு சொல்ல வரல, கலெக்டர் ஆபீஸ் நிலமெடுப்புப் பிரிவுல சர்வே நம்பரைக் கொடுத்து எழுத்துல கேளுங்கன்னு சொல்றேன்.

2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். ரோடு அறுந்து, ஸ்ரீவைகுண்டத்துல ரயிலோட ஜனங்க நடுவுல நின்னு, நெல்லை தூத்துக்குடி போக்குவரத்தே செத்துப் போச்சு. வல்லநாடு ஆத்துப் பாலம் இதுக்கு முன்னாடியே எத்தனை தடவை ஓட்டை விழுந்து ஒரு பக்கத்தை அடைச்சாங்கன்னு அந்த ரோட்டுல போறவங்களுக்குத் தெரியும். அந்த நிலத்துல அன்னைக்குத் தண்ணி எவ்வளவு நின்னுச்சுன்னு பக்கத்துல ஆடு மேய்க்கிறவர் கிட்ட கேளுங்க, விக்கிறவர் கிட்ட கேக்காதீங்க.

பட்டா இருக்கு, ஈசி க்ளீன்

ரெண்டுமே நல்லதுதான், ரெண்டுமே போதாது. பட்டா உரிமைப் பத்திரம் இல்ல, வரி யார் பேர்லங்கற ரெக்கார்டு. ஈசியில பதிவான பத்திரம் மட்டும்தான் வரும், வாரிசு உரிமை வராது. நீங்க அனுப்புன நகல்படி நிலம் அப்பா பேர்ல இருந்து மூத்த மகன் பேருக்கு பட்டா மாறியிருக்கு, அப்பா உயில் எழுதலைன்னும் சொல்றீங்க. அப்ப கூடப் பொறந்த ரெண்டு தங்கச்சிகளும் எங்க? "கல்யாணம் பண்ணி நகை போட்டு அனுப்பியாச்சு"ங்கறது நம்ம ஊர் பதில், கோர்ட்டுல அது செல்லாது, பொண்ணுங்களுக்கும் சம பங்கு. சென்ட் ஆயிரம் ரூபாய்க்குப் போனப்ப யாரும் கேக்க மாட்டாங்க, 60 ஆயிரம் ஆனா பம்பாய்ல இருக்கற தங்கச்சியும் பாகப்பிரிவினை கேஸ் போடுவாங்க. ரோடும் ஏர்போர்ட்டும் வந்து எனக்கு அதிகமாக் கொடுத்தது இந்த மாதிரி கேஸ்தான். ரெண்டு பேரும் கிரையப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும், இல்லைன்னா தங்க பங்கை விட்டுக்கொடுத்து முன்னாடியே விடுதலைப் பத்திரம் பதிஞ்சிருக்கணும்.

கூடவே கிராமத்து நிலக் கணக்கான பழைய அ-பதிவேடு பாத்து, அது பட்டியல் சாதியினருக்குன்னு அரசு அந்தக் காலத்துல ஒதுக்கின பஞ்சமி நிலமான்னு உறுதி பண்ணிருங்க. பஞ்சமி நிலம்னா பட்டியல் சாதியினர் அல்லாதவர் பேருக்கு எழுதின கிரையம் எத்தனை கை மாறினாலும் செல்லாது. கடைசியில உப்பளம் ஒண்ணு "லீசுக்கு இருக்கறதை சொந்தமாவே தர்றோம்"னு வந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதியிருந்தீங்க, அதைப் பத்தி நான் எழுதப் போறதே இல்ல. லீசை லீசாத்தான் கொடுக்க முடியும். விடுங்க அதை.

இப்ப என்ன பண்ணலாம்

முதல்ல பவர். பொதுப் பவர் மச்சானுக்கு மட்டும் இல்ல, யாருக்குமே கொடுக்காதீங்க. மச்சான் நல்லவராவே இருக்கட்டும், அவரை நான் குறை சொல்லல, உங்க காசுல அவர் அலைஞ்சிருக்காரு. ஆனா மேல சொன்ன ஃபெமா தடை பவரால போகாது, உங்களுக்காக அவர் கையெழுத்து போட்டாலும் வாங்குறது நீங்கதான். வேற காரியத்துக்கு என்னைக்காவது அனுப்பணும்னா அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் தனிப் பவரா எழுதி, துபாய் கான்சுலேட்ல கையெழுத்துப் போட்டு அனுப்புங்க, இந்தியா வந்து சேந்த மூணு மாசத்துக்குள்ள இங்க முத்திரைக் கட்டணம் கட்டணும்.

அட்வான்ஸ் 8 லட்சம். அக்ரிமெண்டைப் பதிவு பண்ணல. தமிழ்நாட்டுல 2012 டிசம்பர்ல இருந்து விற்பனை அக்ரிமெண்டை பதிவு பண்றது கட்டாயம், நோட்டரி முத்திரை அதுக்கு ஈடு இல்ல. ஆனா பயப்படாதீங்க, பதிவு பண்ணாத அக்ரிமெண்டையும் கிரையம் கேட்டுப் போடற கேஸ்ல சாட்சியமா காட்டலாம்னு 2023ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, வேற காரணத்துல கிரையம் நடக்கலைன்னா கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேக்கவும் சட்டத்துல வழி இருக்கு. "தவணை தவறினால் முன்பணம் இழப்பு"ன்னு எழுதியிருக்கறதும் கல்லுல எழுதினது இல்ல, எதிராளிக்கு நியாயமா என்ன நஷ்டமோ அதைத்தான் கோர்ட் பாக்கும். இருந்தாலும் "எனக்கு வாங்கத் தகுதி இல்ல, பணத்தைக் கொடு"ன்னு நீங்களா முதல்ல வாயைத் தொறக்காதீங்க, தப்பு உங்க பக்கம்னு ஆயிடும். தவணை முடியறதுக்குள்ள வக்கீல் நோட்டீஸ்ல மூலப்பத்திரம், வாரிசுச் சான்று, தங்கச்சிகள் சம்மதம், பாதைக்கான ஆதாரம் கேளுங்க. வில்லங்கம் இல்லாத உரிமையைக் காட்ட வேண்டியது விக்கிறவர் கடமை. காட்ட முடியலைன்னா பணம் திரும்பி வர்ற பேச்சு அவர் வாயில இருந்தே வரும்.

எல்லாம் சரியா இருந்து நிலமும் புடிச்சிருந்தா ரெண்டு வழி.

ஒண்ணு, உங்க மனைவி. அவங்க ஊர்லயே வசிக்கிறவங்க, அவங்களுக்கு ஃபெமா தடை கிடையாது. நம்ம ஊர் அக்ரிமெண்டுல வழக்கமா "அன்னார் அல்லது அன்னார் கைகாட்டும் நபர் பேருக்கு"ன்னு ஒரு வரி இருக்கும், உங்களோடதுல ரெண்டாம் பக்கம் இருக்கு, பாத்தேன். நீங்க பணத்தை மனைவிக்கு அன்பளிப்பா கொடுங்க, அதுக்கு வரி இல்ல, அவங்க பேர்ல கிரையம் பண்ணலாம். ஆனா நெஜமாவே அது அவங்க சொத்துங்கறதை மனசுல ஏத்திக்கோங்க, "பேர்தான் அவ பேரு, சொத்து என்னுது"ன்னு எங்கயும் எழுதியோ பேசியோ வைக்காதீங்க, அப்படி வச்சா தடையைச் சுத்திப் போன கதை ஆயிடும். வாடகை வந்தா வருமான வரிக்கு அது உங்க வருமானத்தோட சேரும், ஆடிட்டர் கிட்ட கேட்டுக்கோங்க.

ரெண்டாவது, எனக்குப் புடிச்சது, பேசாம இருக்கறது. அடுத்த வருஷக் கடைசியில நிரந்தரமா வந்துருவீங்கல்ல, வந்து ஊர்லயே தங்கிட்டா ஃபெமா கணக்குல மறுபடியும் உள்நாட்டுக்காரர் ஆயிடுவீங்க, அப்புறம் புஞ்சை நஞ்சை எது வேணா உங்க பேர்லயே வாங்கலாம். அதுக்குள்ள விலை ஏறிரும்னு பயமா இருக்கும். ஏறலாம். வீட்டை அடமானம் வச்சு 74 லட்சம் கடன் வாங்கி, அந்த வட்டியைக் கட்டிக்கிட்டு நிலம் சும்மா கிடக்கறதை விட அது மேல்னு எனக்குப் படுது. உங்க கணக்குல இன்னும் பத்திரச் செலவே வரல அண்ணாச்சி, முத்திரையும் பதிவுக் கட்டணமும் சேத்து 9 சதவீதம், 1 கோடியே 44 லட்சத்துக்கு கிட்டத்தட்ட 13 லட்சம். ஷெட் கட்ற செலவும் வரல. பொண்ணு படிப்பு, கல்யாணம் எதுவுமே வரல.

குடோன் கட்டணும்னா வாங்கினதும் கட்டிர முடியாது, நிலப் பயன்பாட்டை மாத்தணும், அது திட்டப் பகுதிக்குள்ள வருதா வெளிய வருதாங்கறதைப் பொறுத்து டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) வழியா போகணும், கட்டட அனுமதிக்கு ரோடு அகலம் கேப்பாங்க, தீயணைப்புச் சான்று கேப்பாங்க. 12 அடி பாதைக்கு இது எதுவும் நகராது. அதனால அந்த வேலையில உங்களுக்கு அனுபவம் இருக்குன்னா, நிலத்தை வாங்காம, ரோட்டு மேல ஏற்கனவே அனுமதியோட நிக்கிற ஒரு ஷெட்டை லீசுக்கு எடுத்து நடத்திப் பாக்கலாமேன்னு தோணுது. கயிறு, காஞ்ச பூ, அவுரி இலை ஏத்துமதி பண்றவங்களுக்கு சின்னச் சின்ன எடம் தேவைப்படுது, எல்லாருக்கும் அரை ஏக்கர் ஷெட் வேண்டாம். லீஸ் ஒரு வருஷத்துக்கு மேலன்னா பதிவு பண்ணிருங்க, எத்தனை மாசத்துக்கு அவங்க காலி பண்ணச் சொல்லக் கூடாதுங்கறதை எழுதி வாங்கிருங்க.

லீவு போட்டு வர்றதா இருந்தா கையெழுத்துக்காக வராதீங்க, பாக்கறதுக்கு வாங்க. ஐப்பசி கார்த்திகையில வந்தா நல்லது, மழைத் தண்ணி எங்க தேங்குதுன்னு தெரியும். மச்சானையும் புரோக்கரையும் விட்டுட்டு, ஹார்பர் பக்கம் நிக்கிற டிரெய்லர் டிரைவர் யாரையாவது ஒருத்தரை டீ வாங்கிக் கொடுத்து கார்ல கூட்டிட்டுப் போய் அந்த 12 அடி பாதை முனையில நிறுத்தி, "அண்ணே, லோடோட இதுக்குள்ள வருவீங்களா"ன்னு கேளுங்க. அவர் சொல்றதை எனக்கு எழுதுங்க, மீதியை அப்புறம் பேசுவோம்.